மூன்று கழித்தல் இரண்டு ஐ

ஜனவரி 19, திங்கள்

இன்றிலிருந்து எழுதுகிறேன். எனக்கு மறதி கிடையாது. இந்த வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் உண்டு. நான் ஒன்று சொன்னால், "ஏம்மா, நீ எப்பச் சொன்ன?" என்று என் மகன் சோலைராஜ் கேட்கிறான். லாரி ஓட்டுகிறவனுக்கு வழி மறப்பதில்லை, நான் சொன்னதுதான் மறக்கிறது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இனி எல்லாம் தேதியோடு இருக்கும்.

முதல் விஷயம். இன்று ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. என் மருமகள் முனீஸ்வரி ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. மகள் தர்ஷினி ஐந்தாம் வகுப்பு படிக்கிறது. தாய் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதப்போகிறாள்.

"ரசத்தை விட்டுட்டு அப்படி என்னடி படிக்கிற?"

"கலப்பெண்கத்தே."

"அப்படின்னா?"

"மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாதுல்லத்தே. இல்லாட்டியும் இருக்கிற மாதிரி வச்சுக்கிட்டு, அதுக்கு ஐ-ன்னு பேரு வச்சு கணக்குப் போடுறது."

"இல்லாததுக்குப் பேரு வச்சு, அதை வச்சுக் கணக்கு வேற."

"ஆமாத்தே."

இருந்த ரசம் போய்விட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

பரீட்சை எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். முனீஸ் பஜாரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வேலை என்றால், ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, தரை துடைப்பது. அதன் முதலாளி அந்தோணி சார், "நீ பன்னிரண்டு பாஸ் பண்ணிட்டு வாம்மா, மதுரையில லேப் படிப்புல சேத்துவிடுறேன். அப்புறம் நீயே ரத்தம் எடுக்கலாம், சோதனை பண்ணலாம்" என்று சொல்லியிருக்கிறார். ஜூன் மாதத்துக்குள் பாஸ் ஆகவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு அவருடைய அண்ணன் மகளை எடுத்துக்கொள்வார். இவளுக்கு ஆயுசு முழுக்கக் குழாய் கழுவுகிற வேலைதான்.

மற்ற பாடமெல்லாம் அப்போதே பாஸ். கணக்கில் மட்டும் பெயில். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோது இவள் சித்தப்பா, கையில் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பிள்ளை பன்னிரண்டு படிச்சிருக்கு" என்றார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அன்று காபியில் சர்க்கரையும் குறைவு. பெயில் என்பது கல்யாணம் முடிந்து ஆடிக்கு அழைக்க வந்தபோதுதான் எனக்குத் தெரியும். படித்தாள் என்றுதான் சொன்னோம் என்கிறார்கள். அந்தச் சித்தப்பா இப்போது இல்லை. இருந்தால் கேட்டிருப்பேன்.

ஜனவரி 23, வெள்ளி

இவள் டியூஷன் போவது எங்கே தெரியுமா. எதிர்வீட்டுக்கு. வெள்ளைத்தாய் வீட்டுக்கு.

தெருக்குழாயில் நான் முதலில் வைத்த குடத்தைக் காலால் நகர்த்திவிட்டு அவள் குடத்தை வைத்தவள் வெள்ளைத்தாய். கையால்கூட இல்லை, காலால். கேட்டதற்கு, "காத்துல நகந்திருக்கும்" என்றாள். நிறைகுடம் காற்றில் நகருமாம். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. அவள் மகள் கௌசல்யா அப்போது கைக்குழந்தை. இப்போது கணக்கில் பட்டம் வாங்கி, டீச்சர் வேலைக்குக் காத்திருக்கிறது.

"ஊர்ல வேற ஆள் கிடைக்கலையா உனக்கு?" என்றேன்.

"கௌசல்யா நல்லாச் சொல்லிக்குடுக்குதுத்தே. எல்லாப் பாடமும் வேண்டாம்க்கா, அணி, கலப்பெண் ரெண்டை மட்டும் நல்லாப் பிடிங்க, பாஸ் நிச்சயம்னு சொல்லுது. அணி எனக்கு வந்திருச்சு. இதுதான் இழுக்குது."

"அவ அம்மா என்ன சொன்னா?"

"டீ குடுத்தாங்க."

"குடிச்சியா?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். குடித்திருக்கிறாள்.

ஜனவரி 27, செவ்வாய்

அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் ஐ, மைனஸ் ஒன்று, மைனஸ் ஐ, ஒன்று என்று வட்டமாக எழுதிவைத்திருக்கிறாள். ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

இனிமேல் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இவள் படிக்கிற லட்சணம் இப்படி. ஒரு கணக்கை எடுக்கிறாள், பாதி போடுகிறாள், அடிக்கிறாள், மறுபடி முதலிலிருந்து வேறு மாதிரி போடுகிறாள். தாள் முழுக்க அடித்தல். ஒரு கணக்குக்கு ஒரு மத்தியானம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு இப்போது கேட்டாலும் தலைகீழாகச் சொல்வேன். எங்கள் வாத்தியார் எதையும் விளக்கமாட்டார். ஒப்பிக்க வைப்பார். தப்பினால் முதலிலிருந்து. அதனால்தான் இன்றுவரை நிற்கிறது.

புத்தகக்கடையில் விற்கிற கைடில் எல்லாக் கணக்கும் விடையோடு அச்சாகி இருக்கிறது. அதை என் கையில் வாங்கிக்கொண்டேன். அவளை வெங்காயம் உரிக்க உட்கார வைத்தேன்.

"சொல்லு."

"எதைத்தே?"

"இந்தக் கணக்கை. முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும். ஒரு எழுத்து பிசகக் கூடாது."

"கணக்கை ஒப்பிக்கலாமாத்தே?"

"ஒப்பிக்காம இத்தனை வருஷம் என்னத்தைச் சாதிச்ச?"

வெங்காயத்தினாலோ என்னவோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

பிப்ரவரி 5, வியாழன்

எனக்கே வந்துவிட்டது. புத்தகத்தைப் பார்க்காமல் இங்கே எழுதுகிறேன்.

மேலே இரண்டு கூட்டல் ஐ. கீழே மூன்று கழித்தல் இரண்டு ஐ. கீழே இருப்பதற்கு இணை மூன்று கூட்டல் இரண்டு ஐ. அதனால் மேலும் கீழும் பெருக்கு. மேலே ஆறு, நான்கு ஐ, மூன்று ஐ, இரண்டு ஐ வர்க்கம். ஐ வர்க்கம் மைனஸ் ஒன்று, அதனால் ஆறில் இரண்டு போய் நான்கு. கூட்டல் ஏழு ஐ. கீழே ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. விடை: நான்கு கூட்டல் ஏழு ஐ, அதன் கீழ் பதின்மூன்று.

பார்த்தீர்களா. ஒரு எழுத்து பிசகவில்லை. இதற்குப் போய்ப் பெரிய படிப்பு என்கிறார்கள்.

இன்று அவள் நடுவில் நிறுத்தினாள். "அத்தே, கீழ கழித்தலுக்குப் பதிலா கூட்டல் இருந்தா என்ன ஆகும்னு பாக்குறேன்."

"புத்தகத்துல என்ன இருக்கு?"

"கழித்தல்."

"அப்ப கழித்தல்தான். முதல்லேருந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னாள். கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 11, புதன்

பாத்திரம் விளக்கும்போது ஒன்று, துணி துவைக்கும்போது ஒன்று, தர்ஷினிக்குத் தலைவாரும்போது ஒன்று. பன்னிரண்டு கணக்கு தண்ணீராக ஓடுகிறது. இப்போது தாளே தேவைப்படுவதில்லை. ரசமும் வழிவதில்லை. சோலைராஜ் லோடு இறக்கிவிட்டு வந்தவன் கேட்டுவிட்டு, "என்னம்மா ரெண்டு பேரும் மந்திரம் சொல்றீக?" என்றான். சிரிப்பு வேறு அவனுக்கு. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன்.

பிப்ரவரி 14, சனி

கௌசல்யா ஐம்பது மார்க்குக்குப் பரீட்சை வைத்திருக்கிறது. இவளுக்குப் பதினொன்று. அதில் கலப்பெண்ணுக்கு இரண்டு.

தாளை வாங்கிப் பார்த்தேன். கணக்கு நம் கணக்கேதான். எழுதியதும் நான் சொல்லிக்கொடுத்தது போலவே, ஒரு வரி பிசகவில்லை. நான்கு கூட்டல் ஏழு ஐ, கீழே பதின்மூன்று. அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

பிறகுதான் கவனித்தேன். கேள்வியில் கீழே மூன்று கூட்டல் இரண்டு ஐ என்று போட்டிருக்கிறது. கூட்டல். குறியை மாற்றிவிட்டது அந்தப் பிள்ளை.

அம்மா குடத்தை நகர்த்தினாள். மகள் குறியை நகர்த்துகிறாள். ரத்தம் அப்படி.

முனீஸ் கொடியில் கிடந்த துணியை மடித்தாள், மடித்ததையே மறுபடி உதறி மடித்தாள். "விட்டுரலாம்த்தே. எனக்கு அன்னைக்கும் வரலை, இன்னைக்கும் வரலை" என்றாள்.

அவளுக்கு வராமல் இல்லை. எனக்குத் தெரியும். நாளைக்கு நான் நேரிலேயே போய்க் கேட்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போனேன். அந்த வீட்டுப் படியை இத்தனை வருஷத்துக்குப் பிறகு மிதித்தேன். கையில் கைடு. வெள்ளைத்தாய் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும், "யாரு, சீனியம்மாவா?" என்றாள். தெரியாதது போல. நான் அவளிடம் பேசவில்லை. "உன் மகளைக் கூப்பிடு" என்று பொதுவாகச் சொன்னேன்.

கௌசல்யா வந்து, "வாங்க பாட்டி, உக்காருங்க" என்று நாற்காலி போட்டது. மரியாதை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

"புத்தகத்துல கழித்தல் இருக்கு. நீ ஏன் கூட்டல் போட்ட?"

"மாத்திக் குடுத்தேன் பாட்டி. பரீட்சையிலயும் மாத்தித்தான் குடுப்பாங்க."

"படிச்சதைக் கேக்காம படிக்காததைக் கேட்டா?"

அது என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தது. "பாட்டி, கீழ மூணு கழித்தல் ரெண்டு ஐ இருந்தா விடை என்ன?"

"நான்கு கூட்டல் ஏழு ஐ, கீழே பதின்மூன்று."

"மூணு கூட்டல் ரெண்டு ஐ இருந்தா?"

"நான்கு கூட்டல் ஏழு ஐ, கீழே பதின்மூன்று."

"ரெண்டுக்கும் ஒரே விடையா பாட்டி?"

அடுப்படியில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் யாரோ என்றால் ஒரே ஆள்தான்.

கௌசல்யா ஒரு தாளை எடுத்து, கூட்டலுக்கு உள்ள விடையைப் போட்டுக் காட்டியது. எட்டு கழித்தல் ஐ, கீழே பதின்மூன்று. பிறகு அந்த விடையைக் கீழே இருந்ததோடு திரும்பப் பெருக்கியது. மேலே இருந்த இரண்டு கூட்டல் ஐ வந்துவிட்டது. நம் விடையைப் பெருக்கியது. என்னவோ வந்தது, அது வரவில்லை. "சரியா தப்பான்னு விடையே சொல்லிரும் பாட்டி. யாரையும் கேக்க வேண்டியதில்ல."

பிறகு சொன்னது: "முனீசக்கா முன்னாடி தப்பாப் போடுவாங்க, ஆனா போட்டுப் பாப்பாங்க. பாதிக்குப் பாதி சரியா வந்துரும். இந்த ரெண்டு வாரமாப் போட்டே பாக்க மாட்டேங்கிறாங்க. யாரோ ஒப்பிக்க வச்சிருக்காங்க. யாருன்னு கேட்டா, சொல்ல மாட்டேங்கிறாங்க."

நானும் சொல்லவில்லை.

எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் வீட்டு நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது. அதைச் சரிசெய்ய அந்த வீட்டில் துப்பில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இனி ஒப்பிக்கக் கேட்க முடியாது என்று முனீஸிடம் சொல்லிவிட்டேன்.

கைடைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். இடத்தை அடைக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

அவள் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஒரு தாளை எடுத்து நானே கணக்கு எழுதிக் கொடுத்தேன். மேலே ஏழு கழித்தல் ஐ. கீழே ஒன்று கூட்டல் ஐந்து ஐ. எனக்குத் தோன்றியதை எழுதினேன்.

"இதுக்கு விடை என்னத்தே?"

"எனக்கென்ன தெரியும். நீ போடு. திரும்பப் பெருக்கிப் பாரு. வந்தா சரி. வராட்டி உன் பாடு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போட்டாள். வரவில்லை. அடித்தாள். மறுபடி போட்டாள். தாள் முழுக்க அடித்தல். நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது என் வயதுக்கு வந்தால்தான் தெரியும்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நான்தான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இருந்தாலும்.

பிப்ரவரி 21, சனி

அவளை மடக்குவதற்கென்றே யோசித்துக் கணக்கு எழுதுகிறேன். இன்று கீழே இரண்டு இடத்திலும் பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன்.

"அத்தே, இதைப் போட முடியாது. பூஜ்யத்தால வகுக்கவே முடியாது."

"இல்லாத எண்ணையே வச்சுப் போடுறீக. இதை மட்டும் முடியாதா?"

"இதை மட்டும் முடியாதுத்தே." சிரித்தாள். இந்த மாதத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 24, செவ்வாய்

இதைத் தேதியோடு எழுதியே ஆகவேண்டும். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என் மருமகள் என் முகத்துக்கு நேரே, "நீங்க சொல்றது தப்பு" என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் இதுதான். மைனஸ் நான்குக்கு வர்க்கமூலம், மைனஸ் ஒன்பதுக்கு வர்க்கமூலம், இரண்டையும் பெருக்கவேண்டும். நான் பக்கத்தில் பயறு ஆய்ந்துகொண்டிருந்தேன். "மைனசும் மைனசும் கூட்டல். நாலொன்பது முப்பத்தாறு. முப்பத்தாறுக்கு மூலம் ஆறு. இதுக்குப் போயி யோசிக்கிறியா?" என்றேன்.

"இல்லத்தே. மைனஸ் ஆறு."

"மைனசும் மைனசும் கூட்டல்டி. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்."

"நீங்க சொல்றது தப்புத்தே. மைனசை உள்ள வச்சுக்கிட்டுப் பெருக்கக் கூடாது. முதல்ல ஐ-யை வெளிய எடுக்கணும். ரெண்டு ஐ, மூணு ஐ. பெருக்குனா ஆறு ஐ வர்க்கம். ஐ வர்க்கம் மைனஸ் ஒண்ணு. அதனால மைனஸ் ஆறு."

"யார் சொன்னா? கௌசல்யாவா?"

"யாரும் சொல்லல. போட்டுப் பாத்தேன். ஆறுன்னு வச்சா முன்னுக்குப் பின் முரணா வருது."

குரலை உயர்த்தவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். நான் பார்க்கவில்லை. பயறில் கல் அதிகம்.

பிறகு அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். மைனஸ் ஆறுதான்.

பிப்ரவரி 27, வெள்ளி

சாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் அழகுராணி போன் செய்தாள். சின்னவனுக்குக் காதுகுத்து. அவர்கள் குலதெய்வக் கோயிலில். மார்ச் ஒன்பது, திங்கள் காலை.

மார்ச் ஒன்பதுதான் கணக்குப் பரீட்சை.

"வேற நாள் பாக்கக் கூடாதா?" என்றேன்.

"எங்க மாமியார்தாம்மா குறிச்சாங்க. அண்ணன் மடியில உக்காந்து காது குத்தணும், அண்ணி சீர்த்தட்டுத் தூக்கிட்டு முன்னாடி வரணும். அதுக்கு மேல அவுகளுக்கு என்ன வேலை?"

சோலைராஜ் இரண்டு நிமிடம் யோசித்தான். முனீஸைக் கூப்பிட்டான். "ஜூலையில மறுபடி வைப்பாங்களாம்ல. அப்ப எழுதிக்க."

ஜூலையில் எழுதினால் ஜூனில் எப்படிச் சேர்வாள். அந்தோணி சாரின் அண்ணன் மகள் காத்துக்கொண்டிருக்கிறாள். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். இரண்டு நாள் முன்புதான் அவள் சொன்னாள். மறந்திருப்பான்.

முனீஸ், "சரிங்க" என்றாள். வாய்தான் சரி என்றது, முகம் சொல்லவில்லை. என் முன்னால் மைனஸ் ஆறு என்று நின்றவள்தானா இவள். அவனிடம் ஒரு வார்த்தை சண்டை போட்டால் என்ன. எனக்குப் பொறுக்கவே இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

புத்தகம் அலமாரி மேலே போய்விட்டது. ரசம் நன்றாக இருக்கிறது. வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஒரு கணக்கு எழுதி அவள் தலைமாட்டில் வைத்தேன். போடவில்லை. மடித்து முந்தானையில் சொருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் துவைக்கும்போது அது கிடைத்தது. பின்பக்கத்தில் போட்டிருக்கிறாள். திரும்பப் பெருக்கியும் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

சீர்த்தட்டு எல்லாம் தயார் செய்து கூடத்தில் வைத்தோம். தேங்காய், பழம், வெல்லம், பட்டுச்சட்டை, தோடு. சோலைராஜ் வேனுக்குச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். முனீஸ் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். "நாளைக்குத் தட்டு நான் தூக்குறேன். நீ பரீட்சைக்குப் போ."

பூ கட்டிய கை நின்றுவிட்டது. சோலைராஜ், "ஏம்மா, நீ எப்படிம்மா?" என்றான்.

"ஏன்? கை இல்லையா எனக்கு?"

"அதுக்கில்லம்மா."

"பின்ன எதுக்கு?"

அவன் அப்பா போய் ஒன்பது வருஷம். நல்ல காரியத்தில் நான் முன்னால் நிற்கக்கூடாது என்று மற்றவர்கள் சொல்லலாம். என் மகன் வாயால் சொல்லட்டும் என்று காத்து நின்றேன். அவன் தட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். சொல்லவில்லை.

"அழகு வீட்ல என்ன சொல்வாங்களோத்தே. எனக்காக நீங்க..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"உனக்காகன்னு யாரு சொன்னா? அலமாரி மேல இருக்கிற புத்தகத்தை எடு. தூசி தட்டு. வீடே தும்முது" என்றேன்.

மார்ச் 9, திங்கள்

வேன் ஆறு மணிக்கு. முனீஸுக்குச் சோறு வடித்து மூடி வைத்துவிட்டுப் போனேன்.

கோயில் வாசலில் மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். நான் இறங்கித் தட்டைத் தூக்கியதும் அழகுராணியின் மாமியார் நேராக வந்தாள்.

"சம்பந்தியம்மா, நீங்க எதுக்குத் தூக்குறீக? மருமக எங்க?"

"பரீட்சை எழுதுறா."

"இந்த வயசுலயா? நல்ல நாளும் அதுவுமா?"

"நல்ல நாள்னுதான் கவர்மென்டும் வச்சிருக்காக."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மாளுக்கு முகம் சிறுத்துவிட்டது. "அப்படி என்ன பரீட்சை?"

"கணக்கு. கலப்பெண்."

"அதுக்காக... தட்டை வேற யாராச்சும் வாங்கிக்கங்கப்பா. சுமங்கலி யாராச்சும் வாங்க."

சொல்லிவிட்டாள். என் மகன் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். இரண்டு பெண்கள் ஒரு அடி எடுத்து வைத்தார்கள். நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழகுராணி கையால் வேண்டாம் வேண்டாம் என்று எனக்கு ஜாடை காட்டினாள். மேளக்காரர் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நாதஸ்வரத்தை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஊதுங்க" என்றேன்.

ஊதினார். நடந்தேன். தேங்காய் வேறு அத்தனை கனம். யார் அத்தனை பெரிய தேங்காயாக வாங்கச் சொன்னது.

பேரன் காது குத்தும்போது அழவில்லை. அவன் அம்மாதான் அழுதாள். "என் மாமியார் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் என் இலைப்பக்கமே வரவில்லை. என் வயிற்றில் பிறந்தவள். இருக்கட்டும்.

திரும்பும்போது சோலைராஜ் என் கையைப் பார்த்தான். தட்டின் விளிம்பு அழுத்திச் சிவந்திருந்தது. எழுந்து வந்து என் பக்கத்து ஜன்னலைச் சாத்தினான். வெயில் படுகிறதாம்.

வீட்டுக்கு வந்தால், வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது. சாப்பிடாமலே போய் எழுதியிருக்கிறாள். நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"எப்படி?"

"அணியில ஒண்ணு முழுசாப் போட்டேன்த்தே. ஒண்ணு பாதியில நின்னுருச்சு. கலப்பெண்ல வந்ததெல்லாம் போட்டேன்."

"வகுத்தல் வந்துச்சா?"

"வந்துச்சு. நாம போடாத எண்ணு."

"பின்ன?"

"போட்டேன். பெருக்கிப் பாத்தேன். வந்துச்சு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவள் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கால் வலித்ததால்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. அழகுராணி போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. யார் முதலில் என்பது அவளுக்கே தெரியும்.

மே 8, வெள்ளி

நாற்பத்தி மூன்று. பாஸ்.

கௌசல்யாதான் போனில் பார்த்துவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடி வந்தது. முனீஸ் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தர்ஷினி, "அம்மா பாஸ்தானம்மா, எதுக்கும்மா அழுகுற?" என்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. குழாயை மூட ஆள் இல்லை. நான்தான் மூடினேன்.

சோலைராஜ் இரண்டு கிலோ இனிப்பு வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுக்கிறான். "என் வீட்டுக்காரி கணக்குல பாஸ்" என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தான். ஜூலையில் எழுதிக்க என்று சொன்ன வாய். அவனுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

எதிர்வீட்டுக்கு இனிப்பை நானே கொண்டுபோனேன், பிள்ளைக்கு நம் கையால் கொடுக்கவேண்டும் என்று. வெள்ளைத்தாய் வாசலில் நின்று, "உள்ள வா சீனியம்மா" என்றாள்.

"அடுப்புல பால் இருக்கு" என்றேன்.

பால் ஒன்றும் இல்லை. கூப்பிட்ட உடனே போய்விட முடியுமா.

ஜூன் 22, திங்கள்

முதல் நாள் வகுப்பு. ஆறரை மணி மதுரை பஸ். நான் ஐந்து மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, டப்பா கட்டி, தர்ஷினிக்குத் தலைவாரி, சோலைராஜுக்கு வெந்நீர் வைத்து. இந்த வயதில் எனக்கு இது தேவையா.

அக்டோபர் 12, திங்கள்

சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போனேன். முனீஸுக்கு இன்று வகுப்பு இல்லை, வேலைக்கு வந்திருந்தாள். அந்தோணி சார், "இன்னைக்கு முனீஸ்வரியே எடுக்கட்டும் பாட்டி. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். எந்த ஊரில் மருமகள் கையில் ஊசியைக் கொடுத்து மாமியார் கையைக் குத்தச் சொல்வார்கள். இதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். கோட்டு கொஞ்சம் பெரிது, தோளில் நிற்கவில்லை. என் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தாள். குத்தினாள். ரத்தம் வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி குத்தினாள். வரவில்லை. அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

"சார், நீங்க எடுங்க சார்" என்றாள். "இவுக நரம்பு கிடைக்கல. எனக்கு வரலை சார்."

அவர் எழுந்து வந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன். ரவிக்கைக் கையைச் சுருட்டி வலது கையை அவள் முன்னால் நீட்டினேன்.

"குத்து" என்றேன்.

குத்தினாள். வந்தது.

வலது கை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. எழுத முடியவில்லை. இதோடு நிறுத்துகிறேன்.